காசுக்கு ஆடுவது

(நூற்றாண்டு விழாவையொட்டிய பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



என்னை அழைத்த செயலாளர், “பெண்களின்ர உடல்நலம் பற்றி ஏதாவது பேசுங்கோ அக்கா” என்றுதான் கேட்டார். வேறொரு விடயம் பேசலாமா என்று கேட்டேன். விடயத்தைச் சொன்னதும் ரெலிபோனில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, “சரி அக்கா, பேசுங்கோ. ஆனால் படம் ஒண்டும் போட்டுக் காட்ட வேண்டாம்” என்றார். படம் கொண்டுவரவில்லை, பயப்படாதீர்கள்.

நான் அவுஸ்திரேலியாவில், விக்ரோறியா மாநிலத்தின் உட்பகுதியில், ஒரு சிறிய பட்டணத்தில் குடும்ப வைத்தியராக இருக்கிறேன். வெளிநாட்டில் மருத்துவம் படித்துவிட்டு அங்கே போகிறவர்கள், பொதுவாகப் பத்து ஆண்டுகள் வரை வைத்தியர் பற்றாக்குறை உள்ள இடங்களில் வேலை செய்யவேண்டும். அப்படிப் போனவள்தான் நான். கெடு முடிந்த பின்னும் அங்கேயே இருந்துவிட்டேன். சுற்றிலும் கோதுமை வயல், நடுவில் ஒரு பெரிய தெரு, ஒரு வைத்தியசாலை, இரண்டு முதியோர் இல்லங்கள். தமிழ்க் குடும்பம் எங்களுடையது ஒன்றுதான்.

அந்த ஊரில் சில சனிக்கிழமைகளில் நான் இன்னொரு வேலையும் செய்கிறேன். காசு வாங்கிக்கொண்டு பெலி டான்ஸ் ஆடுகிறேன்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். என் அம்மா சிரிக்கவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

எனக்கு 38 வயதாக இருந்தபோது, இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு வந்த முதுகுவலி போகவே இல்லை. வருகிற நோயாளர் எல்லோருக்கும் உடற்பயிற்சி செய்யச் சொல்லிவிட்டு நான் ஒன்றும் செய்யாமல் இருந்தேன். ஊர் மண்டபத்தின் கதவில், வியாழக்கிழமை மாலை வகுப்பு என்று ஒரு அறிவித்தல் ஒட்டியிருந்தது. போனேன். ஆறு பெண்கள் இருந்தோம். கற்பித்தவர் அந்த ஊர்க் கமக்காரக் குடும்பத்துப் பெண், ஐம்பது வயது தாண்டியவர். மெல்பேணில் பல ஆண்டுகள் பழகி, காசு சேர்த்துச் சேர்த்துக் கெய்ரோவுக்கும் போய்ப் படித்து வந்தவர். பகலில் ஒரு பாடசாலையில் துப்புரவு வேலை. மாலையில் வகுப்பு. வார இறுதியில் எங்கே கூப்பிட்டாலும் ஆட்டம்.

இந்த ஆட்டத்துக்கு அரபு மொழியில் ‘ரக்ஸ் ஷர்கி’ என்று பெயர். கிழக்கத்திய நடனம் என்று பொருள். வயிற்றைச் சேர்த்துப் பெயர் வைத்தவர்கள் மேற்கு நாட்டார். 1893இல் சிக்காகோவில் நடந்த உலகக் கண்காட்சிக்குப் பிறகு அந்தப் பெயர் அமெரிக்காவில் நன்றாகப் பரவியது. உண்மையில் இடுப்பு, நெஞ்சு, தோள் ஒவ்வொன்றையும் தனித்தனியே அசைக்கப் பழகுவதுதான் இதன் அடிப்படை. நாங்கள் பரதத்தில் அரைமண்டியில் இருந்து காலால் தாளத்தை நிலத்தில் தட்டுகிறோம். இங்கே ‘தும் தெக் தெக் தும் தெக்’ என்று தர்புக்காவில் விழும் தாளத்தை இடுப்புப் பிடிக்கவேண்டும். இந்தக் கல்லூரி மண்டபத்தில் தட்டடவு பழகிய என் கால், நிலத்தை அடிக்காமல் நிற்கப் பழக ஒரு வருடம் எடுத்தது.

மூன்றாம் வருடம் ஊர்ச் சங்கம் ஒன்று வைத்தியசாலைக்கு நிதி சேர்க்க ஒரு இராப்போசன விருந்து வைத்தது. என்னை ஆடக் கேட்டார்கள். எவ்வளவு என்று கேட்டபோது, “காசு வேண்டாம், நல்ல காரியம்தானே” என்றேன். எங்கள் ஊரில் அதைப் பெருந்தன்மை என்போம். பதினைந்து நிமிடம் ஆடினேன். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அடுத்த நாள் கிளினிக்குக்கு வந்தவர்கள் எல்லோரும் அதைப் பற்றித்தான் கதைத்தார்கள்.

மூன்று கிழமை கழித்து, வகுப்பு முடிந்து மற்றவர்கள் போன பிறகு, ஆசிரியை என்னை நிற்கச் சொன்னார். அந்த விருந்துக்கு ஆறு வருடமாக அவர்தான் ஆடிவந்தாராம். 250 டொலர். இந்த முறை அழைப்பு வரவில்லை என்று கேட்டிருக்கிறார். “டொக்டர் சும்மா ஆடித் தாறா” என்று பதில் வந்திருக்கிறது. அவர் கோபிக்கவில்லை. “அந்தக் காசில்தான் நான் காரின் மூன்று மாதப் பதிவைக் கட்டுவேன்” என்று மட்டும் சொன்னார். கார் இல்லாவிட்டால் அடுத்த ஊரில் அவருக்கு வகுப்பும் இல்லை.

நான் ஒருவரிடமிருந்தும் ஒன்றையும் எடுக்கவில்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

மன்னிப்புக் கேட்டேன். இனி ஆடவே மாட்டேன் என்றும் சொன்னேன். அவர் அதை ஏற்கவில்லை. “நீ ஆடு. ஆனால் என் விலைக்குக் குறையாமல் ஆடு. உனக்குக் காசு தேவையில்லை என்றால், வாங்கி யாருக்காவது கொடு. வாங்காமல் மட்டும் விடாதே” என்றார்.

அன்றிலிருந்து அவரிடம் ஆட்டத்தோடு சேர்த்துத் தொழிலையும் கற்றேன். சின்ன இடத்தில் காசுக்கு ஆட்டம் தேடுவது எப்படி என்று, இங்கே இருக்கும் ஆடுகிற, பாடுகிற தங்கைமாருக்காகச் சொல்கிறேன். நீங்கள் நோர்வேயில் இருந்தாலும் வவுனியாவில் இருந்தாலும் இது உதவும்.

முதலாவது, யாரிடம் ஆசை இருக்கிறது என்று பார்க்காதீர்கள். யாருடைய வரவுசெலவில் அதற்கு ஒரு வரி இருக்கிறது என்று பாருங்கள். பெரிய நகரத்தில் லெபனான், துருக்கி உணவகங்கள் ஆடற்பெண்களை அழைக்கும். எங்கள் ஊரில் அப்படி ஒன்றுமில்லை. ஆனால் முதியோர் இல்லத்தில் மகிழ்வு நிகழ்ச்சிகளுக்கென்று ஒரு அலுவலர் இருக்கிறார்; அவரிடம் மாதாந்தம் ஒரு தொகை இருக்கிறது. நகரசபைக்கு மார்ச் 21இல் பல்லினப் பண்பாட்டு நாள் வருகிறது. வருடத்துக்கு ஒருமுறை விவசாயக் கண்காட்சி. நூலகம், பாடசாலை, பெண்களின் ஐம்பதாவது, அறுபதாவது பிறந்தநாள். இவர்களுக்கு நாங்கள் இருப்பதே தெரியாது. போய்ச் சொல்லவேண்டும்.

இரண்டாவது, பேசியதை ஒரு பக்கத்தில் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். எத்தனை நிமிடம், எத்தனை மணிக்கு, எவ்வளவு, அதில் பாதி முற்பணம். உடை மாற்றப் பூட்டக்கூடிய ஒரு அறை. வெறுங்காலில் ஆடுவதால் நிலம் கூட்டியிருக்கவேண்டும். உடைந்த கண்ணாடித் துண்டு ஏறிய காலுக்கு நானே தையல் போட்டிருக்கிறேன். உடைக்குள் காசு செருகக்கூடாது. ஆண்கள் மட்டும் கூடும் விருந்துக்கு வரமாட்டோம். இதைச் சொல்ல நான் முதலில் வெட்கப்பட்டேன். ஆனால் எழுதிக் கொடுத்த பிறகு எல்லோரும் மரியாதையாக நடந்தார்கள். என்ன எதிர்பார்க்கிறோம் என்று தெரியாததுதான் பலருடைய பிரச்சினை.

மூன்றாவது, சின்ன ஊரில் பார்ப்பவர்கள் திரும்பத் திரும்ப அதே ஆட்கள்தான். மெல்பேணில் ஒரே ஆட்டத்தை வருடம் முழுவதும் ஆடலாம். எங்களுக்கு முடியாது. ஒருமுறை முக்காடு போன்ற பட்டுத் துணியோடு, ஒருமுறை கைத்தடியோடு, ஒருமுறை விரல்தாளத்தோடு என்று மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும். நான் நன்றாகப் பழகியது அந்த நெருக்கடியால்தான்.

நான்காவது, விலை சொல்லுமுன் அந்த இடத்தில் ஏற்கெனவே ஆடுகிறவர் என்ன வாங்குகிறார் என்று கேளுங்கள். அதற்குக் கீழே போகாதீர்கள். சம்பளம் வரும் வேறு வேலை உள்ளவர்கள் இதை இரட்டிப்பாகக் கவனிக்கவேண்டும். எங்களுக்கு அது கைச்செலவுக் காசு. இன்னொருத்திக்கு அது வீட்டு வாடகை.

வைத்தியராக எனக்கு இன்னொரு விதியும் உண்டு. என் நோயாளரின் வீட்டு விழாவுக்கு நான் ஆடப் போவதில்லை. அந்த அழைப்புகளை ஆசிரியைக்கு அனுப்பிவிடுகிறேன்.

இனி அம்மா. ரெலிபோனில் நான் இதைச் சொன்னபோது அவர் கேட்ட கேள்வி இதுதான்: “படிச்சுப் படிச்சு டொக்டராகி, கடைசியில காசுக்கே ஆடுறாய்?” கவனியுங்கள், ‘ஆடுறாயே’ என்று அவர் கேட்கவில்லை. கோயிலில் நான் சும்மா ஆடியபோது முன்வரிசையில் இருந்து பார்த்தவர் அவர். பிரச்சினை ‘காசுக்கு’ என்ற சொல்லில் இருந்தது.

அந்தச் சொல் அம்மாவுடையது மட்டுமல்ல. யாழ்ப்பாணத்துக் கோயில் திருவிழாக்களில் ஒருகாலத்தில் பெரிய மேளமும் இருந்தது, சின்னமேளமும் இருந்தது. கோயில்களில் பெண்கள் ஆடுவதை ஆறுமுக நாவலர் கண்டித்தார். இந்தியாவில் 1947ஆம் ஆண்டுச் சென்னை மாகாணச் சட்டம் பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடைசெய்தது. சதிர் பரதநாட்டியம் ஆகி, எங்களைப் போன்ற வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் கலையாயிற்று. ஆட்டத்துக்கு மரியாதை வந்தது. அதை ஆடிச் சீவித்தவர்கள் அந்த மரியாதைக்கு வெளியே நின்றார்கள்.

எகிப்திலும் ஏறக்குறைய இதே கதைதான். 1834இல் முகமது அலி பாஷா தொழில்முறை ஆடற்பெண்களைக் கெய்ரோவில் ஆடவிடாமல் தெற்கே அனுப்பினார். 1926இல் பதியா மசாப்னி என்ற பெண் கெய்ரோவில் சொந்தமாக ஒரு அரங்கு திறந்தார். பின்னாளில் சினிமாவில் கொடிகட்டிப் பறந்த தாஹியா காரியோக்காவும் சாமியா கமாலும் அங்கே ஆடியவர்கள். ஆனாலும் கலியாண வீட்டுக்கு ஆடற்பெண் வேண்டும், ஆடுகிறவளை மருமகளாக எடுக்க மனம் வராது என்பது அங்கேயும் பழகிப்போன ஒன்று. கெய்ரோ ஆடற்பெண்களைப் பற்றி கரின் வான் நியூகெர்க் என்ற மானிடவியலாளர் 1995இல் ஒரு நூல் வெளியிட்டார். அதன் தலைப்பின் பொருள், ‘மற்றவற்றைப் போல ஒரு தொழில்’.

எங்கள் முதியோர் இல்லம் ஒன்றில் அலெக்சாந்திரியாவில் பிறந்த ஒரு கிரேக்கப் பாட்டி இருந்தார். ஆட்டம் முடிந்ததும் என் கையைப் பிடித்து, விரல்தாளம் ஓரிடத்தில் பிந்தியது என்றார். உண்மைதான், பிந்தியது. பிறகு, “எவ்வளவு தந்தார்கள்?” என்று கேட்டார். சொன்னேன். “பரவாயில்லை” என்று தலையாட்டினார். அவருக்கு அதில் வெட்கப்பட ஒன்றும் இருக்கவில்லை.

இந்தக் கல்லூரிக்கு நான் கடைசியாகச் சொல்லவேண்டிய ஒன்று இருக்கிறது. என் வயதொத்தவர்களுக்கு எங்கள் நடன ரீச்சரை நினைவிருக்கும். பெற்றோல் இல்லாத காலத்தில் சைக்கிளில் வருவார். 1995 இடப்பெயர்வுக்குப் பிறகு தென்மராட்சியில், இன்னொரு பாடசாலையின் கட்டடத்தில் பின்னேரங்களில் நாங்கள் படித்தபோதும் வந்தார். அவர் தொண்டர் ஆசிரியை. நிரந்தர நியமனம் கிடைக்கவில்லை. ஒரு விழாவுக்கு எங்களுக்கு ஒரு மாதம் ஆட்டம் பழக்கினார். மாணவ தலைவியாக இருந்த என்னிடம் ஒருநாள் மெதுவாக, “பிள்ளை, சைக்கிள் ரயர் போட்டுது. விழாக் காசில ஏதும் தருவினமோ எண்டு ஒருக்காக் கேட்டுப் பார்க்கிறியே?” என்றார்.

நான் கேட்கவில்லை. ரீச்சர் காசு கேட்டார் என்று சொன்னால் அவருக்குத்தான் மரியாதைக் குறைவு என்று நினைத்தேன். விழாவில் அவருக்கு ஒரு பூமாலை போட்டோம். அவர் நடந்து வந்து, நடந்து போனார். இன்று அவர் இல்லை.

நூற்றாண்டு விழாவின் செலவுக் கணக்கைச் செயலாளர் எனக்குக் காட்டினார். பந்தலுக்கு வரி இருக்கிறது. ஒலிபெருக்கிக்கு, வீடியோவுக்கு, சாப்பாட்டுக்கு இருக்கிறது. நாதஸ்வரக்காரருக்கு அச்சாரமே கொடுத்தாயிற்று. பிள்ளைகளுக்கு ஆட்டம் பழக்கும் ஆசிரியைக்கும், பாடுகிறவருக்கும், மிருதங்கம் வாசிக்கும் தம்பிக்கும் ‘பொன்னாடை’ என்று போட்டிருக்கிறது. பொன்னாடையோடு ஒரு கடித உறையும் கொடுக்கலாம் என்று கேட்டேன். ஏற்றுக்கொண்டார்கள். இந்த வருடத்துக்கு அந்தத் தொகையை நான் தருகிறேன்; அது நான் ஆடி உழைத்த காசு. அடுத்த வருடத்திலிருந்து அது சங்கத்தின் கணக்கில் ஒரு வரியாக இருக்கவேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள். அவர்களாகக் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

அம்மா இதோ மூன்றாம் வரிசையில் இருக்கிறார். போன மாதம் ரெலிபோனில், “இந்தச் சனியும் ஆட்டம் இருக்கோ?” என்று கேட்டார். இருக்கு என்றேன். “முற்பணம் தந்திட்டினமோ?” என்றார்.