முகாம் மட்டும் போதுமா?

(தோட்டக் கமிட்டித் தலைவர்கள், மாதர் தலைவிகளுக்கான பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



தோட்டத்தில் சுகாதார முகாம் நடந்தால் பிரசர் பார்க்கிறார்கள், சீனி பார்க்கிறார்கள், இரத்தம் குறைவா என்று சொல்கிறார்கள். இதை நாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. நோயை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. ஆனால் முகாம் நடத்தியதோடு தன் கடமை முடிந்துவிட்டது என்று நிர்வாகம் சொன்னால் அதை நாம் ஏற்க முடியாது.

அமெரிக்காவில் பி.ஜே.ஸ் ஹோல்சேல் கிளப் என்ற பெரிய கடைக் கம்பெனியில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 160 கிளைகள், ஏறத்தாழ 33,000 தொழிலாளர்கள். சீட்டுக் குலுக்குவது போல 20 கிளைகளைத் தெரிவு செய்து, அங்கே மட்டும் சாப்பாடு, உடற்பயிற்சி, மன அழுத்தம் பற்றி வகுப்புகள் நடத்தினார்கள். 18 மாதங்கள் கழித்துப் பார்த்தபோது, அந்தக் கிளைகளில் கூடுதலானோர் "உடற்பயிற்சி செய்கிறோம், எடையைக் கவனிக்கிறோம்" என்றார்கள். ஆனால் பிரசர், கொழுப்பு, வைத்தியச் செலவு, வேலைக்கு வராத நாட்கள் எதிலும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. இந்த முடிவு 2019இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியானது. 18 மாதம் போதாது என்பவர்களும் உண்டு. அதுவும் நியாயமான பேச்சுத்தான். ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். அந்த வகுப்புகள் தொழிலாளியின் பழக்கத்தை மாற்றப் பார்த்தவை, வேலையை மாற்ற வந்தவை அல்ல.

இனி நம் மலைக்கு வருவோம். முகாமில் "நிறையத் தண்ணீர் குடியுங்கள்" என்கிறார்கள். கொழுந்து மலையில் கழிப்பறை இல்லாவிட்டால் எந்தப் பெண் குடிப்பாள்? தாகத்தை அடக்கிக்கொண்டுதான் கொழுந்து எடுக்கிறோம். பிறகு நீர்க்கடுப்பு வந்தால், தண்ணீர் குடிக்காதது நம் குற்றமாகிவிடுகிறது. "பாரம் தூக்காதீர்கள்" என்கிறார்கள். நிறுவை நடக்கும் இடம் வரைக்கும் கொழுந்தைச் சுமப்பது யார்? "இரத்தம் குறைவு, ஓய்வெடுங்கள்" என்கிறார்கள். ஓய்வெடுத்தால் கிலோ குறையும், அரைப் பேர்தான் விழும்.

ஆகவே அடுத்த முகாமுக்குத் திகதி குறிக்கும்போது, கமிட்டி மூன்று விஷயங்களை எழுத்தில் கேட்க வேண்டும்.

ஒன்று, கொழுந்து எடுக்கும் மலைக்குப் பக்கத்திலேயே கழிப்பறையும் குடிதண்ணீரும்.

இரண்டு, நீண்ட தூரம் சுமக்காதபடி மலைக்குப் பக்கத்திலேயே நிறுவை.

மூன்று, முகாமில் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லப்பட்டவருக்குப் பேர் குறையாத ஒரு நாளும், போய்வர வாகனமும்.

துரையோடு பேசும்போது முகாமை எதிர்த்துப் பேசாதீர்கள். முகாமில் டாக்டர் சொன்னதையே எடுத்துச் சொல்லுங்கள். "தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள், குடிக்க வழி செய்து தாருங்கள்" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலை எழுதி வைத்து, அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். மற்றதை எல்லோரும் சேர்ந்து பார்த்துக்கொள்வோம்.