ஆரணி மண் ஈன்ற ஆசான்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வெள்ளி விழாவில் கழகத்தின் வரவு செலவையும் வளர்ச்சியையும் செயலாளர் எடுத்துரைத்துவிட்டார். எனக்கு இட்ட பணி வேறு. நம் ஊருக்கு அருகே பிறந்து, நம் மக்களுக்குக் கல்விக்கண் திறந்த ஒருவரைப் பற்றிச் சொல்லுமாறு பணித்துள்ளனர். சென்ற வாரம் நம் இரவுப்பள்ளிப் பிள்ளைகளிடம் அவர் பெயரைக் கேட்டேன். இருவர்க்கே தெரிந்திருந்தது. அந்த இருவரும் சிதம்பரத்தில் உறவினர் உள்ளவர்கள். பிறந்த மண்ணில் மறந்துவிட்டோம். வாழ்ந்த மண்ணில் மணிமண்டபம் நிற்கிறது. பிள்ளைகள்மேல் குற்றமில்லை, அவர்களுக்குச் சொல்லாத நாமே குற்றவாளிகள்.

அவர்தாம் சுவாமி சகஜானந்தர். ஆரணியை அடுத்த மேல்புதுப்பாக்கத்தில் 1890ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 27ஆம் நாள் பிறந்தார். தந்தையார் அண்ணாமலை, தாயார் அலமேலு. பெற்றோர் இட்ட பெயர் முனுசாமி. திண்டிவனத்தில் கிறித்தவ மிஷன் பள்ளியில் பயின்றார். அறிவுக்கூர்மையைக் கண்ட ஆசிரியர்கள் அவரைச் சிகாமணி என்று அழைத்தார்களாம். பின்னர் மதம் மாற இசையாமையால் அப்பள்ளியை விட்டு வெளியேறினார். அவரைப் படிக்க வைத்ததும் மிஷனே என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. அக்காலத்தில் நம் பிள்ளைகளுக்குக் கதவு திறந்த பள்ளிகள் எத்தனை? மிஷன் பள்ளிகளும், 1894இல் சென்னையில் கர்னல் ஆல்காட் தொடங்கிய இலவசப் பள்ளிகளும் போல விரல்விட்டு எண்ணத்தக்கவையே.

படிப்பு நின்றது. பெற்றோருடன் கோலார் தங்கவயல் சென்றார். வடார்க்காட்டு மக்கள் பலர் பிழைப்புத் தேடிச் சென்ற சுரங்கம் அது. அங்கே ஆன்மிக நாட்டம் மிகுந்தது. சென்னை வியாசர்பாடியில் கரபாத்திர சுவாமிகளை அடைந்து சீடரானார். சகஜானந்தர் என்பது குருவின் மடத்தில் பெற்ற பெயர். 1910இல் சிதம்பரம் வந்து சேர்ந்தார். அப்போது வயது இருபது.

இளைஞர்களே, இங்கே சற்று நிற்போம். இருபது வயதுத் துறவி ஒருவர், காசி இராமேசுவரம் என்று நடந்து காலம் கழித்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ, நம் மக்கள் வாயிற்படி ஏற இயலாத கோயிலூரில், நம் மரபில் தோன்றிய அடியார் நந்தனாரின் பெயரால் மடம் அமைத்தார். 1916இல் நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவி, இருபத்தைந்து மாணவர்களுடன் பள்ளியைத் தொடங்கினார். அந்நகருக்குப் பெருமை சேர்க்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றியது 1929இல். அதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்னரே இப்பள்ளி எழுந்துவிட்டது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

நந்தனார் பெயரை ஏன் தேர்ந்தார்? பெரியபுராணத்துத் திருநாளைப்போவார் தீயில் மூழ்கி எழுந்த பின்னரே தில்லையுள் புகுகிறார். அடியார் தீக்குளிக்க வேண்டியிருந்தது ஏன் என்று நம் இளைஞர் இன்று சினத்துடன் கேட்கின்றனர். அக்கேள்வி நேர்மையானது, எனக்கும் அது உண்டு. ஆனால் சகஜானந்தர் அப்பெயரை வைத்துச் செய்தது என்ன என்று பாருங்கள். அவர் நம் பிள்ளைகளைத் தீயின்முன் நிறுத்தவில்லை. பலகையின்முன் அமர வைத்தார். தங்குவதற்கு விடுதி, உண்பதற்குச் சோறு, உடுக்கத் துணி எல்லாம் அதனுடன் சேர்ந்தே வந்தன. பசித்த பிள்ளைக்கு எழுத்து ஏறாது என்பதை அறிந்தவர் அவர். அதற்காக வீடு வீடாகப் பொருள் கேட்டார். சாதி பாராத நல்லோர் சிலர் துணை நின்றனர். 1927இல் சிதம்பரம் வந்த காந்தியடிகள், நந்தனாரின் ஊருக்கு வந்தேன் என்ற உணர்வோடு பேசிச் சென்றார்.

1926 முதல் சென்னைச் சட்டசபையில் அவர் குரல் ஒலித்தது. 1952, 1957 பொதுத் தேர்தல்களில், இரட்டை உறுப்பினர் தொகுதியாயிருந்த சிதம்பரத்திலிருந்து காங்கிரசு சார்பில் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஒரு கருத்து வேறுபாட்டையும் சொல்லியாக வேண்டும். அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் பௌத்தம் தழுவினார்; அண்ணல் அம்பேத்கர் 1956இல் அதையே செய்தார். சகஜானந்தரோ சைவத்துள்ளேயே நின்று போராடினார். அவ்வழி போதாது என்பார் நம்மில் பலர். நானும் இளமையில் அப்படிப் பேசியவனே. இன்று என் கருத்து சற்று மாறியிருக்கிறது: கோயில் பற்றி அவரோடு வாதிடலாம், பள்ளி பற்றி வாதிட என்னால் இயலவில்லை. 1959 மே முதல் நாள் அவர் மறைந்த பின்னரும், நந்தனார் பெயரால் சிதம்பரத்தில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே அரசு மேல்நிலைப் பள்ளிகள் நடந்து வருகின்றன.

இனி நம் ஊருக்கு வருகிறேன். ஆரணிப் பட்டு என்றால் நாடே அறியும். அதன் பாவும் ஊடையும் நெய்யும் கைகளில் நம் பிள்ளைகளின் கைகளும் உண்டு என்பதை எத்தனை பேர் அறிவர்? நான் ஆசிரியனாக இருந்த காலத்தில், பத்தாம் வகுப்பில் முதலிடம் பெறத்தக்க மாணவன் ஒருவன் தேர்வுக்கு ஒரு திங்கள் இருக்கையில் வருவதை நிறுத்தினான். தேடிச் சென்றேன். தறிக்குழியில் கால் நீட்டி அமர்ந்திருந்தான். தந்தை வாங்கிய முன்பணம் தீரவில்லை. தீரும்வரை பையன் தறியை விட்டு எழ வழியில்லை. "ஐயா, அடுத்த வருஷம் எழுதுறேன்" என்றான். அந்த அடுத்த வருடம் அவனுக்கு வரவேயில்லை. நான் அன்று அரை மணி நேரம் பேசிவிட்டுத் திரும்பினேன். மறுநாளும் போயிருக்க வேண்டும். போகவில்லை. சகஜானந்தரின் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் அந்தத் தறிவீடுதான் என் கண்முன் நிற்கிறது. அவர் மறுநாளும் போயிருப்பார்.

நெசவை நான் இழித்துரைக்கவில்லை. என் தாயார் தார் சுற்றிய கூலியில்தான் நான் படித்தேன். கடனுக்கு ஈடாகப் பிள்ளையை வைப்பதையே வேண்டாம் என்கிறேன்.

நம் இரவுப்பள்ளியின் வருகைப் பதிவேடு என் கையில் இருக்கிறது. பத்தாம் வகுப்பில் பதினான்கு பெயர்கள். ஐவர் இரண்டு வாரமாக வரவில்லை. கூட்டம் முடிந்ததும் அவர்கள் வீடுகளுக்குச் செல்கிறேன். உடன் வர விரும்பும் இளைஞர்கள் மேடைக்கு இடப்புறம் வந்து நில்லுங்கள். முன்பணம் எவ்வளவு என்று கேட்டு எழுதிவர ஒரு குறிப்பேடும் வேண்டும். அதைப் பொருளாளர் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.