வீட்டு மென்னீர்க் கருவியும் அதன் புறவழி வால்வும்

(ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய பயிற்சி வகுப்பில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நமது மாநில நிலப்பரப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு கடினப் பாறையாகும். அப்பாறையைத் துளைத்து எடுக்கும் ஆழ்துளைக் கிணற்று நீரில் பல ஊர்களில் சுண்ணச் சத்தும் மக்னீசியச் சத்தும் மிகுந்திருக்கின்றன. இதையே கடின நீர் என்கிறோம். சோப்பு நுரைக்காமை, பருப்பு வேகாமை, பாத்திரத்தில் வெண்படலம் படிதல் ஆகியன இதன் அறிகுறிகள். குடிநீரில் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நலம் என்றும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை ஏற்கலாம் என்றும் 2012ஆம் ஆண்டின் இந்தியத் தர நிர்ணயம் கூறுகிறது.

இக்குறையை நீக்க இன்று வீடுகளிலும் விடுதிகளிலும் மென்னீர்க் கருவி வைக்கிறார்கள். அதனுள் இருப்பது பிசின் மணிகள். அங்கு நடப்பது ஒரு பண்டமாற்று. நீரிலுள்ள சுண்ணத்தையும் மக்னீசியத்தையும் மணிகள் பிடித்துக்கொண்டு, தம்மிடமுள்ள சோடியத்தை நீருக்குக் கொடுக்கின்றன. கொடுப்பதற்குச் சோடியம் தீர்ந்ததும், உப்புக் கரைசலால் கழுவினால் மணிகள் மீண்டும் புத்துயிர் பெறுகின்றன. நாளொன்றுக்கு 500 லிட்டர் செலவாகும் வீட்டில் கடினத்தன்மை 600 மில்லிகிராம் என்றால், ஒரு நாளில் 300 கிராம் சுண்ணச்சுமை வருகிறது. லிட்டருக்குச் சுமார் 50 கிராம் தாங்கும் பிசின் 25 லிட்டர் இருந்தால், நான்கு நாட்களுக்கு ஒருமுறை உப்புக் கழுவல் தேவைப்படும்.

இக்கருவி நீரின் உப்புக் கரிப்பை நீக்காது, புளோரைடை நீக்காது, நோய்க் கிருமிகளைக் கொல்லாது. கடினத்தன்மையை மட்டுமே போக்கும். மேலும், 100 மில்லிகிராம் கடினத்தன்மை நீங்கும்போது சுமார் 46 மில்லிகிராம் சோடியம் நீரில் சேர்கிறது. 600 மில்லிகிராம் கடினத்தன்மை முழுவதும் நீங்கினால் லிட்டருக்கு 276 மில்லிகிராம் சோடியம் கூடும். உப்பைக் குறைக்கும்படி மருத்துவர் சொல்லியுள்ள இரத்த அழுத்த நோயாளிகளுக்கு இது ஏற்றதன்று. பயிருக்கும் ஆகாது. சோடியம் மிகுந்த நீரைத் தொடர்ந்து பாய்ச்சினால், களிப்பாங்கான மண் இறுகி, நீர் உள்ளிறங்காமல், நாளடைவில் களர் நிலமாகிவிடும். ஆகவே குடிநீர்க் குழாயையும் தோட்டக் குழாயையும் கருவிக்கு முன்பாகவே பிரித்துவிட வேண்டும்.

இனி, புறவழி வால்வைப் பற்றிக் கூறுகிறேன். கடைக்காரரும் குழாய் வேலைக்காரரும் இதைப் பைபாஸ் என்பார்கள். பாலம் பழுதானால் வண்டிகள் செல்லச் சுற்றுப்பாதை இருப்பதுபோல், கருவி பழுதானாலும் வீட்டுக்கு நீர் செல்ல இது வழி வகுக்கிறது. இது இல்லாத இடத்தில் ஒரு ரப்பர் வளையம் கசிந்தாலும் வீடு முழுவதற்கும் நீரை நிறுத்த நேரிடும். பள்ளி விடுதியிலோ சுகாதார நிலையத்திலோ அவ்வாறு நேர்ந்தால் எத்துணை இடர் என்பதை நீங்களே அறிவீர்கள்.

இதை அமைக்க மூன்று பால் வால்வுகள் போதும். வரும் குழாயில் ஒரு டீ, வீட்டுக்குச் செல்லும் குழாயில் ஒரு டீ வைக்கவும். இரண்டு டீக்களுக்கும் இடையே நேராக அமைவது புறவழி வால்வு. முதல் டீயிலிருந்து கருவிக்குச் செல்லும் கிளையில் உள்வழி வால்வும், கருவியிலிருந்து இரண்டாம் டீக்கு வரும் கிளையில் வெளிவழி வால்வும் இருக்க வேண்டும். கருவிக்கும் வெளிவழி வால்வுக்கும் நடுவே ஒரு சிறு சோதனைக் குழாய் வைத்துக்கொள்க. கருவியைக் கழற்ற ஏதுவாக இரு கிளைகளிலும் யூனியன் போடுக.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை சில. கருவியின் தலையிலுள்ள அம்புக்குறியைப் பார்த்து உள்வழியையும் வெளிவழியையும் சரியாக இணைக்க வேண்டும். மாற்றி இணைத்தால் பிசின் மணிகள் வீட்டுக் குழாய்களுக்குள் வந்துவிடக்கூடும். அறுத்த குழாயின் துகள்கள் கருவியில் புகாதபடி, இணைப்பதற்கு முன் குழாயில் நீரை ஓடவிட்டுக் கழுவுக. ஒட்டுப்பசை நன்கு காய்ந்த பின்னரே நீரைத் திறக்கவும். மரை உள்ள இடங்களில் டெஃப்லான் டேப்பை மரை முறுகும் திசையிலேயே சுற்றுக. ரப்பர் வளையம் வைத்த பிளாஸ்டிக் யூனியனுக்கு டேப் வேண்டாம். கையால் முறுக்கினால் போதும். ரெஞ்சு கொண்டு அழுத்தினால் அது விரிசல் கண்டுவிடும்.

வால்வுகளை இயக்குவதில் ஓர் ஒழுங்கு உண்டு. அன்றாட நிலையில் உள்வழியும் வெளிவழியும் திறந்திருக்கும், புறவழி மூடியிருக்கும். கருவியை விலக்க வேண்டுமானால், முதலில் புறவழியைத் திறந்து, பிறகு உள்வழியையும் வெளிவழியையும் மூடுக. சோதனைக் குழாயைத் திறந்து உள்ளிருக்கும் அழுத்தத்தை வெளியேற்றிய பின்னரே எதையும் கழற்றுக. மீண்டும் இணைக்கும்போது, வெளிவழி மூடியிருக்க, சோதனைக் குழாய் திறந்திருக்க, உள்வழியை மெல்லத் திறக்கவும். காற்றும் கலங்கலும் நீங்கித் தெளிந்த நீர் வந்ததும் சோதனைக் குழாயை மூடி, வெளிவழியைத் திறந்து, கடைசியாகப் புறவழியை மூடுக. தானாக நீரைத் திருப்பாத எளிய கருவிகளில், உப்புக் கரைசல் பாயும் வேளையில் வெளிவழியை மூடிப் புறவழியைத் திறந்துவைப்பது அவசியம். இல்லையேல் கரிப்பு நீர் வீட்டுக்குள் புகும்.

பராமரிப்பு எளிதே. மூன்று மாதத்திற்கு ஒருமுறை ஒவ்வொரு வால்வையும் முழுவதும் மூடித் திறந்து, மேற்சொன்ன ஒழுங்கில் பழைய நிலைக்குக் கொண்டுவருக. அசைக்காமல் விட்ட வால்வு சுண்ணப் படிவால் இறுகி, தேவைப்படும் நாளில் அசையாது. ஆண்டுக்கொருமுறை ரப்பர் வளையங்களைச் சோதித்து, சிலிக்கோன் கிரீஸ் சிறிதளவு பூசுக. வாசலின், மண்ணெண்ணெய், வண்டி கிரீஸ் ஆகியவற்றைத் தொடவே வேண்டாம். அவை ரப்பரை உப்பச் செய்து கெடுத்துவிடும்.

உப்புக் கழுவல் முடிந்தும் வீட்டு நீர் நுரைக்கவில்லையா? உடனே பிசினைக் குறை கூற வேண்டாம். நீரைச் சில நிமிடம் ஓடவிட்டு, சோதனைக் குழாயிலிருந்து ஒரு புட்டியிலும் வீட்டுக் குழாயிலிருந்து மற்றொரு புட்டியிலும் சம அளவு நீர் பிடித்து, சோப்புக் கரைசலைச் சம சொட்டுகள் விட்டுக் குலுக்குக. சலவைத் தூள் கடின நீரிலும் நுரைக்கும்; ஆதலால் சோப்பே வேண்டும். மழைநீர்ப் புட்டி ஒன்றை ஒப்புநோக்க வைத்துக்கொள்க. சோதனைக் குழாய் நீர் நுரைத்து, வீட்டு நீர் நுரைக்காவிட்டால் புறவழி வால்வு உள்ளுக்குள் கசிகிறது என்று பொருள். அந்த ஒரு வால்வை மாற்றினால் போதும். இரண்டுமே நுரைக்காவிட்டால்தான் உப்பையும் பிசினையும் பார்க்க வேண்டும். இதை அறியாதவர் வீணாக உப்பைக் கொட்டுவர். நல்ல பிசினையும் எறிந்துவிடுவர்.

கழுவலில் வெளியேறும் உப்பு நீரைக் கிணற்றருகிலோ குளத்திலோ தென்னை வட்டப்பாத்தியிலோ விடலாகாது. அதற்குரிய வடிகால் இல்லாத இடத்தில், கருவி வாங்குவதற்கு முன்பே ஊராட்சி மன்றத்தில் பேசி வழி காணுங்கள். பொதுக் கட்டடங்களுக்குக் கருவி வாங்கும்போது மூன்று வால்வுகளும் சோதனைக் குழாயும் மதிப்பீட்டிலேயே இடம்பெற வேண்டுமென உறுப்பினர்கள் வற்புறுத்த வேண்டும். வால்வுகளின் பெயரையும் இயக்கும் ஒழுங்கையும் எழுதிய பலகை ஒன்றை அருகில் மாட்டிவையுங்கள்.

கருவியின் விலையை நோக்க இவ்வால்வுகளின் விலை சிறிது. அச்சிறு செலவால் வீட்டுக்கு நீர் தடைப்படாது, நிலமும் கெடாது. இதனை உங்கள் ஊரில் உள்ளோர்க்கும் எடுத்துரைக்குமாறு கேட்டுக்கொண்டு அமைகிறேன்.