சாப்ட்வேர்காரர் கையில் ஒரு போர்டு
(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"பதினைஞ்சு நிமிஷம்தான், கூடப் போனா மணி அடிச்சிடுவேன்" என்று செயலாளர் எச்சரித்திருக்கிறார். எனவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

எந்தத் துறையில் படித்தாலும் நம்மில் பலர் போய்ச் சேருவது சாப்ட்வேரில்தான். நானும் அந்தக் கூட்டம்தான். ஆனால் புரோகிராம் எழுதுகிறவர் ஒரு போர்டைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் ரிடையர் ஆவது நியாயமில்லைங்க. 2005-ல் இத்தாலியின் இவ்ரியா நகரில் டிசைன் மாணவர்களுக்காக ஆர்டுயினோ பிறந்தது. 2012-ல் ராஸ்பெரி பை வந்தது. 2014-ல் வைஃபையோடு ஈஎஸ்பி8266. இனி "லேப் இல்லை" என்று சாக்குச் சொல்ல முடியாது.

ஆர்டுயினோ ஊனோவின் ரேம் எவ்வளவு தெரியுமா? 2 கிலோபைட். இந்தப் பேச்சைத் தமிழில் டைப் செய்து ஏற்றினால் பாதிகூடக் கொள்ளாது! ராஸ்பெரி பையில் லினக்ஸே ஓடும். ஆனால் அதன் பின்கள் 3.3 வோல்ட்தான் தாங்கும். தூரம் அளக்கும் எச்சி-எஸ்ஆர்04 சென்சாரோ 5 வோல்ட்டைத் திருப்பி அனுப்பும். நடுவில் 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் என்று இரண்டு ரெசிஸ்டர் போட்டு வோல்டேஜைப் பிரித்துக் குறைக்க வேண்டும். போடாவிட்டால் எர்ரர் மெசேஜ் வராது. பின் செத்துப் போகும், அவ்வளவுதான். இங்கே அன்டூ பட்டன் கிடையாது.

எல்லோரும் முதலில் செய்ய ஆசைப்படுவது தண்ணீர்த் தொட்டி புராஜெக்ட். தொட்டியின் மேலே சென்சார். ஒலி தண்ணீரில் பட்டுத் திரும்ப சென்டிமீட்டருக்குச் சுமார் 58 மைக்ரோ விநாடி. தூரம் குறைவு என்றால் தொட்டி நிறைந்திருக்கிறது. மாடித் தொட்டி காலி, கீழே சம்பில் தண்ணி இருக்கு, மோட்டாரைப் போடு. புரோகிராம் பத்து வரிதான்.

இப்போது சென்சார் கெட்டுப்போகிறது என்று வையுங்கள். எதிரொலி வராவிட்டால் ஆர்டுயினோவின் பல்ஸ்இன் கட்டளை ஒரு விநாடி காத்திருந்துவிட்டு 0 என்று விடை தரும். தூரம் 0 என்றால் "நிறைஞ்சு வழியுது" என்று புரோகிராம் நினைக்கும். மாடித் தொட்டியில் இப்படி நடந்தால் மோட்டார் நின்றுவிடும்; வீட்டில் திட்டுவாங்க, அதோடு போச்சு. சம்பில் நடந்தால்? வறண்ட சம்பில் மோட்டார் காற்றை இழுத்துக்கொண்டு ஓடும். சீல் தேயும், காயில் கருகும். அதே 0, அதே பத்து வரி. ஆனால் ஒரு குடும்பத்துக்கு ஆயிரக்கணக்கில் செலவு.

அந்தச் சென்சாரால் 2 சென்டிமீட்டருக்குக் குறைவாக அளக்கவே முடியாது. ஆகவே அதற்குக் கீழ் எது வந்தாலும் "தெரியவில்லை" என்றே எடுத்துக்கொள்ளுங்கள். தெரியாதபோது மோட்டார் ஓடக்கூடாது. அதற்கும் மேலே, சம்பில் ஒரு ஃப்ளோட் ஸ்விட்ச்சை மோட்டார் லைனில் தனியாகப் போட்டுவிடுங்கள். உங்கள் புரோகிராம் தூங்கினாலும் அது தூங்காது. 230 வோல்ட் பக்கம் மட்டும் நீங்கள் கை வைக்க வேண்டாம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், அல்லது ஹாஸ்டல் பக்கத்து ரூமில் இருக்கும் டிரிபிள்ஈ நண்பரை விட்டு லேப் சாரிடம் கேட்கச் சொல்லுங்கள்.

செயலாளர் கை மணியின் பக்கம் போகிறது. வாசலில் மேஜை மேல் நாலு போர்டும் சென்சார்களும் வைத்திருக்கிறேன். டீ குடித்துவிட்டு வந்து நீங்களே ஒயர் செருகிப் பாருங்கள். புகை வந்தாலும் பயப்பட வேண்டாம், ஸ்பேர் இரண்டு பையில் இருக்கிறது.