இரும்பின் கணக்கும் நடுவர் கணக்கும்



தேகப்பயிற்சியினால் தசைகளை வளர்த்து, அந்த வளர்ச்சியை மேடைமீது காட்டிப் பரிசு பெறும் பந்தயத்திற்குத் தமிழில் வழங்கும் பெயர் 'ஆணழகன் போட்டி' என்பது. பெயரிலேயே ஆண் இருக்கிறான். அதே பந்தயத்தில் ஒரு பெண் வந்து நின்றால் அதை என்னவென்று சொல்வது? 'அழகிப் போட்டி' என்றால் அது முற்றிலும் வேறொன்றாகிவிடும். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு இது முதலில் வெறும் சொற்சங்கடமாகத்தான் பட்டது. பெவ் பிரான்சிஸ் என்னும் ஆஸ்திரேலியப் பெண்மணியின் வரலாற்றை அறிந்த பிறகுதான், ஒருவருடைய வாழ்வில் பல ஆண்டுகளை விழுங்கிய சங்கடம் இது என்பது விளங்கிற்று.

பெவ் பிரான்சிஸ் 1955-ஆம் ஆண்டில் விக்டோரியா மாநிலத்து ஜீலாங் நகரில் பிறந்தார். மெல்போர்ன் சர்வகலாசாலையில் உடற்கல்வி பயின்றார். அவருக்குப் பயிற்சி அளித்தவர் பிரான்ஸ் ஸ்டாம்பில். 1954-இல் ஒரு மைல் தூரத்தை நான்கு நிமிஷத்திற்குள் ஓடி உலகை வியக்கவைத்த ரோஜர் பானிஸ்டருக்கு வழிகாட்டிய ஆசிரியர் அவரே. பெவ் அம்மையார் மேற்கொண்ட துறை குண்டு எறிதல். 1977-இல் அத்துறையில் ஆஸ்திரேலியச் சாதனையை அவர் முறியடித்தார். குண்டை இன்னும் தூரம் எறியவேண்டும் என்பதற்காகவே பாரம் தூக்கப் பழகினார். பழகப் பழக, துணைக்கு வந்த கலையே அவருடைய சொந்தக் கலையாகிவிட்டது.

வலுதூக்குதல் என்னும் பந்தயத்தில் மூன்று பரீட்சைகள் உண்டு. பாரத்தைத் தோளில் தாங்கிக் குந்தி எழுதல் ஒன்று. பலகைமீது மல்லாந்து படுத்து, மார்பிலிருந்து பாரத்தைக் கைநீள உயர்த்துதல் மற்றொன்று. தரையில் கிடக்கும் பாரத்தைப் பற்றி நிமிர்ந்து நிற்றல் மூன்றாவது. இந்தப் பந்தயத்தில் 1980 முதல் 1985 வரை ஆறு முறை அவர் உலக வீராங்கனையாக விளங்கினார். மல்லாந்து படுத்து 300 பவுண்டுக்கு மேல், அதாவது ஏறத்தாழ 136 கிலோவுக்கு மேல், உயர்த்திய முதற் பெண்மணியும் அவரே. இங்கே வழக்குக்கு அதிக இடமில்லை. இரும்புத் தட்டில் எடை எழுதியிருக்கிறது. பாரம் உயர்ந்ததா, உயரவில்லையா என்பதுதான் கேள்வி.

இந்நிலையில் அமெரிக்காவிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. 1983-இல் லாஸ் வேகஸ் நகரத்துச் சீசர்ஸ் பாலஸ் விடுதியில் பெண்களுக்கான உடற்கட்டுப் போட்டி ஒன்று நடந்தது. அதை ஜார்ஜ் பட்லர் என்பவர் படம் பிடித்தார். படம் 1985-இல் வெளிவந்தது. மேடைக்கு வந்த பெண்களில் எவருக்கும் பெவ் பிரான்சிஸுக்கு இருந்த தசைத்திரட்சி இல்லை. தசைப்போட்டி என்றால் தசை மிகுந்தவர்தானே வெல்லவேண்டும்? அவருக்குக் கிடைத்தது எட்டாவது இடம்.

காரணத்தை அந்தப் படமே காட்டுகிறது. போட்டிக்குமுன் நடுவர்கள் கூடுகிறார்கள். பெண் போட்டியாளரிடம் தசை வேண்டும். ஆனால் பெண்மைத் தோற்றமும் கெடாமல் இருக்கவேண்டும் என்று அவர்களுக்கு அறிவுறுத்தப்படுகிறது. நடுவர் ஒருவர் இதை மறுக்கிறார். பனிச்சறுக்குப் பந்தயத்தில் பெண்கள் இவ்வளவு வேகத்திற்குமேல் போகக்கூடாது என்று விதிப்பது போலல்லவா இது என்பது அவருடைய வாதம். அந்த வாதம் எடுபடவில்லை. முதற்பரிசு கார்லா டன்லப் என்னும் அமெரிக்கப் பெண்மணிக்குச் சென்றது. அவர் தகுதியற்றவர் அல்லர். தசையும் நளினமும் ஒருங்கே வாய்ந்தவர். குறை வென்றவரிடம் இல்லை, விதியிடத்தில்தான் இருந்தது.

அரசாங்க விதிகளை மொழிபெயர்க்கும்போது நாங்கள் அஞ்சுவது கடினமான சொற்களுக்கு அல்ல, அளவில்லாத சொற்களுக்கு. 'முப்பது நாள்' என்றால் எவருக்கும் முப்பது நாள்தான். 'தக்க காலத்திற்குள்' என்றால் படிப்பவருக்குப் படிப்பவர் வேறுபடும். 'பெண்மை கெடாத தசை' என்பதும் அத்தகைய தொடரே. எந்த அங்குலத்தில் பெண்மை முடிகிறது என்று எவராலும் சொல்ல இயலாது.

பெவ் பிரான்சிஸ் மனமுடைந்து விலகிவிடவில்லை. அமெரிக்காவிலேயே குடியேறி, நடுவர்கள் விரும்பிய வடிவத்திற்குத் தம் உடலை மெல்ல மெல்ல மாற்றிக்கொண்டார். 1986-இல் மிஸ் ஒலிம்பியா போட்டியில் பத்தாவது இடம். 1987-இல் தொழில்முறை வீராங்கனைகளின் உலகப் பட்டத்தை வென்றார். அந்த ஆண்டும் அடுத்த இரண்டு ஆண்டுகளும் மிஸ் ஒலிம்பியாவில் மூன்றாம் இடம். 1990-இல் இரண்டாம் இடம். 1991-இல் குறைத்துக் காட்டுவதைக் கைவிட்டு, தம் முழுத் தசைவளத்துடன் மேடையேறினார். முதற் சுற்றுகளில் அவரே முன்னணியில் நின்றார். இறுதிக் கணக்கில் லெண்டா மர்ரே என்பவரிடம் ஒரே ஒரு புள்ளியில் தோற்றார். அத்துடன் போட்டி மேடையை விட்டு விலகினார்.

எதிர்த்தரப்பு நியாயத்தையும் சொல்லிவிடவேண்டும். தசையை வளர்க்கும் மருந்துகள் இந்தத் துறையில் புகுந்து ஆண், பெண் இருபாலாருக்கும் கேடு விளைவித்தது உண்மை. அவை பெண்ணின் குரலையே மாற்றிவிடக்கூடியவை. அதைத் தடுக்கவேண்டுவது கடமையே. ஆனால் மருந்தைக் கண்டுபிடிக்க இரசாயனப் பரிசோதனை இருக்கிறது. 'பெண்மை' என்ற சொல் அந்தப் பரிசோதனைக்கு ஈடாகாது. எனினும் 2004-ஆம் ஆண்டு டிசம்பரில் இந்தத் துறையின் பன்னாட்டுச் சம்மேளனம் பெண் போட்டியாளர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பிற்று. அவர்கள் தங்கள் தசைப்பருமனை 20 சதவீதம் குறைத்துக்கொள்ள வேண்டுமாம்! எண் வந்துவிட்டது, ஆனால் எதில் 20 சதவீதம், எந்தத் தராசில் என்ற கேள்வி அப்படியே நின்றது. மிஸ் ஒலிம்பியா போட்டியே 2014-க்குப் பிறகு நிறுத்தப்பட்டு, 2020-இல்தான் மீண்டும் தொடங்கிற்று.

பெவ் பிரான்சிஸ் தம் கணவருடன் சேர்ந்து நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் பயிற்சிக்கூடம் நிறுவினார். பல வீரர்களும் வீராங்கனைகளும் அங்கே நாடி வந்து பயின்றார்கள். மிஸ் ஒலிம்பியா பட்டம் அவருக்குக் கடைசிவரை கிட்டவில்லை. ஆனால் அவர் தூக்கிய 300 பவுண்டை எந்த நடுவரும் 299 ஆக்கிவிட முடியாது.

நம் வீட்டுப் பெண் ஒருத்தி பயிற்சிக்கூடத்திற்குப் போய்ப் பாரம் தூக்கவேண்டும் என்று விரும்பினால், நம் வாயில் முதலில் எழும் கேள்வி, 'பார்ப்பதற்கு எப்படி இருக்கும்?' என்பதுதான். 'இன்று எவ்வளவு தூக்கினாய், சென்ற மாதம் எவ்வளவு?' என்று கேட்கப் பழகுவோமானால், அந்தப் பெண் விடை சொல்லக்கூடிய கேள்வியாக அது இருக்கும். பந்தயத்தின் பெயரைப் பொறுத்தவரை, நான் 'உடற்கட்டுப் போட்டி' என்றே எழுதிவருகிறேன். அதில் ஆணும் இல்லை, அழகியும் இல்லை. உழைத்த உடல் மட்டும் இருக்கிறது.