ஊசியும் நம் ஐயமும்



2021 ஜனவரி 16-ஆம் நாள் கொரோனாத் தடுப்பூசி நம் நாட்டில் தொடங்கியபோது நாம் எப்படி இருந்தோம்? பாதி மனம் 'எப்போது நமக்கு?' என்றது, மறு பாதி 'முதலில் மற்றவர்கள் போட்டுக்கொள்ளட்டும்' என்றது. ஏப்ரல் 15-இல் நடிகர் விவேக் ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொண்டார். மறுநாள் மயங்கி விழுந்தார்; 17-ஆம் தேதி விடியற்காலை இறந்தார். மாரடைப்பு என்றார்கள் மருத்துவர்கள். ஊசிக்கும் சாவுக்கும் தொடர்பில்லை என்று மத்திய அரசின் குழு அக்டோபரில் கூறியது. அதற்குள் கொடுங்கையூரில் எத்தனை பேர் 'வேண்டவே வேண்டாம்' என்று கதவைச் சாத்திக்கொண்டோம்!

ஐயப்பட்டவர்களை மூடர் என்று நாம் சொல்லமாட்டோம். கிண்டியில் தயாரான பி.சி.ஜி. ஊசியை 1955-இல் எதிர்த்தவர் மூதறிஞர் இராஜாஜி அல்லவா? பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்று செங்கற்பட்டு ஆய்வு பின்னர் காட்டியது. ஆயினும் குழந்தைகளைக் கடுமையான காசநோயினின்று காப்பதால் இன்றும் போடுகிறோம். கோவிஷீல்டால் மிக அரிதாக இரத்தம் உறைவதுண்டு என்பதும் உண்மையே. ஆனால் கொரோனாவே அதைவிட அதிகம் பேரைக் கொன்றதே!

கருக்கலைப்பில் பெற்ற சிசுவின் உயிரணு வழியில் உருவான மருந்தாயிற்றே என்று கலங்கியவர்களும் நம்மிடையே உண்டு. வேறு மருந்து கிட்டாதபோது போட்டுக்கொள்வது பாவமாகாது, ஆனால் கட்டாயப்படுத்தலாகாது என்று 2020 டிசம்பரிலேயே உரோமை தெளிவாக்கியிருந்தது. அதை நம் வீடுகளுக்கு எடுத்துச் சொல்ல நாம்தான் தாமதித்தோம்.

'பார்க்கலாம்' என்று காத்திருந்தவர்களில் சிலர் அந்த மே மாத அலையில் போய்விட்டார்கள். அவர்களைக் கல்லறைக்குக் கொண்டுபோகக்கூட நாம் திரளாகச் செல்ல முடியவில்லை.