உடனே வர்ற ஒளி, லேட்டா வர்ற ஒளி

இந்த எபிசோட் விருதுநகர் மாவட்டத்துல தொடங்குது.

2021 பிப்ரவரி 12. சாத்தூர் பக்கம் அச்சங்குளத்துல ஒரு பட்டாசு ஆலை வெடிச்சு 20 பேருக்கு மேல இறந்தாங்க. பேன்சி ரகத்துக்கு மருந்து கலக்கும்போது ஏற்பட்ட உராய்வுதான் காரணம்னு அப்போ செய்திகள்ல வந்துச்சு. ரசாயனக் கலவைக்கு அந்த ஊர்ல பேரே 'மருந்து'தான்.

இப்போ ஒரு கேள்வி. மூட்டையில இருக்கிற வெள்ளைப் பொடி என்னன்னு, கை வைக்காம எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஸ்ட்ரான்சியம் நைட்ரேட் வெள்ளை, அது வானத்துல சிவப்பு கொடுக்கும். பேரியம் நைட்ரேட்டும் வெள்ளை, பச்சை கொடுக்கும். பட்டாசுல பேரியத்துக்கு உச்ச நீதிமன்றம் 2018-லயே தடை போட்டாச்சு. பொட்டாசியம் குளோரேட்டும் வெள்ளைதான். ஆனா அது கந்தகத்தோட சேர்ந்தா லேசான உராய்வுக்கே பத்திக்கும். அதனால அந்தக் கலவைக்கே சட்டத்துல தடை இருக்கு.

இதுக்கு ராமன் விளைவு உதவும். லேசரை அடிச்சா, பொடியில பட்டுச் சிதறுற ஒளியில ரொம்பச் சின்ன ஒரு பங்கு நிறம் மாறி வரும். எவ்வளவு மாறுதுங்கிறது பொருளுக்குப் பொருள் வேற. பேரியம் நைட்ரேட்டுக்கு அந்த எண் 1047, ஸ்ட்ரான்சியம் நைட்ரேட்டுக்கு 1055 பக்கம். கைரேகை மாதிரி.

சிக்கல் என்னன்னா, பொடியில இருக்கிற அழுக்கு, பசை, சில சமயம் பிளாஸ்டிக் பை கூட லேசர் பட்டதும் தானா ஒளிரும். அது ஃப்ளூரசன்ஸ். ராமன் ஒளி ஒரு முணுமுணுப்புன்னா, இது கோயில் திருவிழா மைக்செட்.

இந்தக் குழப்பம் ரொம்பப் பழசு. 1928 பிப்ரவரியில கல்கத்தாவுல சி.வி. ராமனும் கே.எஸ். கிருஷ்ணனும் சூரிய ஒளியை ஃபில்டர் வழியா திரவங்களுக்குள்ள விட்டாங்க. சுமார் 60 திரவங்கள். நிறம் மாறின மங்கல் ஒளி ஒண்ணு தெரிஞ்சுது. இது சிதறலா, இல்ல வெறும் ஃப்ளூரசன்ஸா? அதுதான் அன்னைக்குப் பெரிய கேள்வி. அந்த ஒளி பெரும்பாலும் ஒரே தளத்துல அதிருதுன்னு பார்த்துத்தான் சிதறல்னு பிரிச்சாங்க. அந்தக் கிருஷ்ணன் 1898-ல பிறந்தது வத்திராயிருப்பு பக்கம், அதாவது இதே விருதுநகர் மாவட்டம். நோபல் ராமனுக்கு மட்டும் போச்சு. கிருஷ்ணன் பேரை இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லலாம்னு எனக்குத் தோணும்.

அவங்ககிட்ட இல்லாதது ஒரு வேகமான கடிகாரம். ராமன் ஒளி லேசர் பட்ட அந்தக் கணமே வந்துடும். ஃப்ளூரசன்ஸ்ல மூலக்கூறு ஆற்றலைக் கொஞ்ச நேரம் வச்சிருந்து, அப்புறம்தான் விடும். அந்தக் 'கொஞ்ச நேரம்' சில நானோ விநாடி. ஒரு நானோ விநாடியில ஒளி 30 சென்டிமீட்டர் போகும், நம்ம ஸ்கூல் ஸ்கேல் நீளம். அதுல ஆயிரத்துல ஒரு பங்குதான் பிக்கோ விநாடி.

அப்போ முதல் சில பிக்கோ விநாடி மட்டும் கதவைத் திறந்து மூடினா? 1999-ல பிரிட்டன்ல ரூதர்ஃபோர்ட் ஆப்பிள்டன் ஆய்வகத்துல அதைத்தான் செஞ்சாங்க. ரெண்டு போலராய்டு கண்ணாடியைக் குறுக்கா வச்சா ஒளி போகாது. நடுவுல கார்பன் டைசல்பைடு திரவம். அதுல இன்னொரு லேசர் துடிப்பு பாயும்போது மூலக்கூறுகள் ஒரு பக்கமாத் திரும்பும், கதவு திறக்கும். சுமார் 4 பிக்கோ விநாடியில மூடிக்கும். 4 நானோ விநாடி ஒளிர்ற அழுக்குல இருந்து ஆயிரத்துல ஒரு பங்குதான் உள்ள வர முடியும். மெக்கானிக்கல் ஷட்டரால இதை நினைச்சுக்கூட பார்க்க முடியாது.

இப்படி ஒளி எப்போ வருதுன்னு அளக்குற வேலைக்குன்னே நம்ம சென்னைப் பல்கலைக்கழகத்தோட தரமணி வளாகத்துல அதிவேக நிகழ்வுகளுக்கான தேசிய மையம் இருக்கு.

சரி, இதைத் தூக்கிட்டுப் போய் மருந்து கலக்குற ரூம்ல வைக்கலாமா? கூடாது. கரி, அலுமினியப் பொடி சேர்ந்த கறுத்த கலவை லேசரை உறிஞ்சிச் சூடாகும், பத்திக்கவும் வாய்ப்பு இருக்கு. இதோட இடம் அதுக்கு முன்னாடி, குடோன்ல. வெள்ளைப் பொடி வெள்ளையா இருக்கும்போதே, மூட்டையைப் பிரிக்கிற வாசல்லயே சோதிக்கணும்.